‘மின் ஒழுக்கு’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள்

லயம் எரிந்த செய்தியை வாசிக்காத மலையகக் குடும்பம் இருக்க முடியாது. இத்தனை காம்பிராக்கள் முற்றாகச் சேதம், இத்தனை குடும்பங்கள் தோட்டப் பாடசாலையிலும் கோயில் மண்டபத்திலும் தங்கவைப்பு, பிள்ளைகளின் புத்தகம், பிறப்புச் சான்றிதழ், சீட்டுப் பிடித்துச் சேர்த்த நகை எல்லாம் சாம்பல். தோட்டத்தின் பெயர் மாறும், காம்பிராக்களின் எண்ணிக்கை மாறும், கடைசி வரி மட்டும் அநேகமாக மாறுவதில்லை: மின் ஒழுக்கே தீக்குக் காரணம் எனத் தெரிவிக்கப்படுகிறது.

அந்த வரியோடு கேள்விகளும் முடிந்துவிடுகின்றன. நிவாரணப் பொதி வரும், பாய் தலையணை வரும், பெரியவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். மின்சாரம் ஏன் ‘ஒழுகியது’ என்று யாரும் கேட்பதில்லை. கூரை ஒழுகினால் தகரம் மாற்றித் தராதவர் யார் என்று நாம் கேட்கிறோம். பெரட்டுக் களத்தில் நின்று கேட்கிறோம், தேவைப்பட்டால் வேலையை நிறுத்தியும் கேட்கிறோம். மின்சாரம் ஒழுகினால் மட்டும் அதை விதி என்று ஏற்றுக்கொள்கிறோம்.

எல்லாத் தீக்கும் வயர்தான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. அடுப்பு நெருப்பும் உண்டு, சாமி விளக்கும் உண்டு. ஆனால் மின்சாரம்தான் காரணம் என்று அதிகாரிகளே சொல்லும்போது, அதற்குப் பிறகு நான்கு கேள்விகள் வர வேண்டும். அந்த வயர் எத்தனை சதுர மில்லிமீற்றர்? அதில் எவ்வளவு சுமை ஓடியது? அதற்குக் காவலாக எந்த அளவு பிரேக்கர் இருந்தது? அந்த வயரை யார் இழுத்தார்கள், யார் சோதித்தார்கள்? இந்த நான்குக்கும் பதில் இல்லாத விசாரணை விசாரணையே அல்ல. வயரின் தடிப்பு எலெக்ட்ரீசியனின் தனிப்பட்ட விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. சம்பளம், வீடு, காணி என்று நாம் பேசும் உரிமைகளின் வரிசையில் அதுவும் வர வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

வயர் ஏன் சுடுகிறது?

வயருக்குள் இருக்கும் செம்பு மின்சாரத்தைக் கொண்டுபோகும்போது கொஞ்சம் சூடாகும். அது இயல்பு. செம்பைச் சுற்றியுள்ள பி.வி.சி. உறை 70 பாகை செல்சியஸ் வரை தாங்கும். அதற்கு மேல் நாள்தோறும் சூடேறினால் உறை இறுகி, வெடித்து, ஒரு நாள் உதிர்ந்துவிடும். உள்ளிருக்கும் இரண்டு செம்பும் ஒன்றையொன்று தொடும். அப்போது எழும் பொறியைத்தான் பத்திரிகைகள் ‘மின் ஒழுக்கு’ என்கின்றன. அந்தப் பொறி ஒரு நிமிடத்தில் வந்ததல்ல. பல மாதங்களாக, பல வருடங்களாகச் சூடேறிய வயரின் கடைசி நிமிடம் அது.

சூடு ஏறும் கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். 1 சதுர மில்லிமீற்றர் வயரில் 10 அம்பியர் ஓடினால், போகும் வயரும் திரும்பும் வயரும் சேர்ந்து ஒவ்வொரு மீற்றரிலும் ஏறத்தாழ 4 வாட் சூட்டை வெளியிடும். அதே வயரில் 20 அம்பியர் ஓடினால் அது 17 வாட்டைத் தாண்டும். ஒரு மீற்றர் நீளத்துக்கு 17 வாட் சூடு, காற்றுப் புகாத ஒரு குழாய்க்குள், காய்ந்த பலகைக்குப் பக்கத்தில், தகரத்துக்கு அடியில். நம் லயங்களின் கூரைக்குக் கீழே இருப்பது இதுதான்.

விதி என்ன சொல்கிறது?

இலங்கையில் வீட்டு வயரிங் பிரித்தானியாவின் பி.எஸ். 7671 என்ற விதிநூலைத் தழுவியே செய்யப்படுகிறது. பழைய எலெக்ட்ரீசியன்மார் அதை ஐ.ஈ.ஈ. விதிகள் என்பார்கள். அந்தத் தடித்த புத்தகத்தின் சாரத்தை மூன்று எண்களில் சொல்லிவிடலாம். முதலாவது, நாம் பாவிக்கும் சாமான்கள் இழுக்கும் அம்பியர். இரண்டாவது, பிரேக்கரின் அம்பியர். மூன்றாவது, வயர் தாங்கும் அம்பியர். முதலாவது இரண்டாவதைத் தாண்டக்கூடாது, இரண்டாவது மூன்றாவதைத் தாண்டக்கூடாது. இந்த வரிசை எங்கே குழம்புகிறதோ அங்கே ஆபத்து தொடங்குகிறது.

சுவரோடு போகும் குழாய்க்குள் செம்பு வயர் எவ்வளவு தாங்கும் என்பதற்கு அந்த விதிநூலில் அட்டவணை இருக்கிறது. கடையில் 1/1.13 என்று கேட்டு வாங்கும் 1 சதுர மில்லிமீற்றர் வயர் 13.5 அம்பியர். 1.5 சதுர மில்லிமீற்றர் 17.5 அம்பியர். 7/0.67 என்று கேட்டு வாங்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் 24 அம்பியர். 4 சதுர மில்லிமீற்றர் 32 அம்பியர். 6 சதுர மில்லிமீற்றர் 41 அம்பியர்.

இந்த எண்களும் நல்ல நிலைமைக்கு மட்டும் உரியவை. சுற்றியுள்ள வெப்பம் 30 பாகை, குழாய்க்குள் ஒரே ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டு கணக்கிடப்பட்டவை. ஒரே குழாயில் மூன்று சுற்றுகளின் வயர்களைத் திணித்தால் ஒவ்வொன்றும் தன் பலத்தில் 70 சதவீதத்தைத்தான் காட்டும். 24 அம்பியர் தாங்கும் வயர் 16.8 அம்பியருக்கு இறங்கிவிடும். தகரத்துக்கு அடியில் 40 பாகை வெயில் சூடு இருந்தால் இன்னும் 13 சதவீதம் குறையும். நுவரெலியா குளிரில் இருப்பவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை இறப்பர் தோட்டங்களில் உள்ள நம் தோழர்கள் பகல் ஒரு மணிக்குத் தகரத்தின் கீழ் கையை நீட்டிப் பார்க்கட்டும்.

பிரேக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. “32 போட்டால் விழாது” என்று சொல்லிப் பெரிய எம்.சி.பி.யை மாட்டிவிட்டுப் போகும் பழக்கம் இருக்கிறது. விழாது என்பது உண்மை. ஆபத்தும் அதுதான். 32 அம்பியர் எம்.சி.பி.யில் 36 அம்பியர் ஒரு மணித்தியாலம் ஓடினாலும் அது விழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதன் பின்னால் 2.5 வயர் ஒற்றையாகப் போகுமானால், 24 அம்பியர் தாங்கும் வயர் 36 அம்பியரைச் சுமக்கும். சூடு இரண்டேகால் மடங்கு. காவல்காரர் தூங்குகிறார், வயர் எரிகிறது.

பழைய பீங்கான் பியூஸ் கட்டை உள்ள லயங்களில் நிலைமை இன்னும் மோசம். கம்பி மாற்றும் பியூஸ் மெதுவாகத்தான் உருகும். ஆகவே அதன் பின்னால் போகும் வயர் இன்னும் தடிப்பாக இருக்க வேண்டும் என்பது விதி. 20 அம்பியர் பியூஸுக்கு ஏறத்தாழ 28 அம்பியர் தாங்கும் வயர், அதாவது 4 சதுர மில்லிமீற்றர் வேண்டும். அந்தக் கட்டையில் பியூஸ் கம்பிக்குப் பதிலாகப் பழைய வயரிலிருந்து உருவிய செம்பு இழையைச் சுற்றிவிட்டால் காவல் என்பதே இல்லாமல் போய்விடும்.

பெரட்டுக்கு முந்திய கணக்கு

லயங்கள் கட்டப்பட்ட காலத்தில் மின்சாரத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பிறகு மின்சாரம் வந்தபோது காம்பிராவுக்கு ஒன்றிரண்டு பல்பு, ஒரு ரேடியோ என்ற கணக்கில்தான் பல இடங்களில் வயர் இழுக்கப்பட்டது. அந்தக் கணக்குக்கு 1 சதுர மில்லிமீற்றர் வயர் போதும். விளக்குச் சுற்றுக்கு விதிநூலும் அதை ஏற்கிறது. பிளக் சுற்றுக்கு அது போதாது. அதற்குக் குறைந்தது 1.5 வேண்டும் என்கிறது விதி. நடைமுறையில் நல்ல எலெக்ட்ரீசியன் 2.5க்குக் கீழே இறங்கமாட்டார்.

இன்று அதே காம்பிராவில் மின் கேத்தல் இருக்கிறது, ரைஸ் குக்கர் இருக்கிறது, அயன் பெட்டி இருக்கிறது. 2000 வாட் கேத்தல் 230 வோல்ட்டில் 8.7 அம்பியர் இழுக்கும். 9 வாட் எல்.ஈ.டி. பல்புகள் 200க்கு மேல் ஒன்றாக எரிவதற்குச் சமம் அது. 700 வாட் ரைஸ் குக்கர் 3 அம்பியர். 1000 வாட் அயன் பெட்டி 4.3 அம்பியர். மூன்றும் சேர்ந்தால் 16 அம்பியர். விளக்குக்காக இழுத்த 1 சதுர மில்லிமீற்றர் வயர் தாங்குவது 13.5. மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும் வேளை எது என்று நம் பெண்களிடம் கேளுங்கள். விடியற்காலை ஐந்து மணி. தேநீர் கொதிக்க வேண்டும், சோறு கட்ட வேண்டும், பிள்ளையின் பாடசாலைச் சீருடை மடிப்புக் குலையாமல் இருக்க வேண்டும், பெரட்டுக்குப் பிந்தக்கூடாது.

இதைக் கேட்டதும் சிலர் “உங்களுக்கு ஏன் கேத்தல்?” என்கிறார்கள். இந்தக் கேள்வியை நாம் மறுக்கிறோம். நாள் முழுதும் மலையில் நின்று கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண், விறகு பொறுக்கவும் புகையில் கண் எரியவும் கட்டாயம் இல்லை. கேத்தலும் குக்கரும் ஆடம்பரமல்ல. அவை அவளுக்கு அரை மணி நேரத் தூக்கம். கொழும்பில் ஒரு வீட்டில் கேத்தல் இருப்பதை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை.

இன்னொரு கணக்கு லயம் முழுவதற்கும் உரியது. சாதாரண ஒற்றைக் கட்ட வீட்டு இணைப்பு 30 அம்பியர். அதில் 6900 வாட் எடுக்கலாம். அதாவது மூன்று கேத்தலும் ஒரு அயன் பெட்டியும் இயங்க முடியாது. மூன்று கேத்தலும் ஒரு ரைஸ் குக்கரும்தான். ஒரு மின்மானியிலிருந்து இரண்டு மூன்று குடும்பங்கள் மின்சாரம் எடுக்கும் லயங்கள் இன்றும் இருக்கின்றன. மகனுக்குக் கல்யாணம் முடிந்து பின்னால் ஒரு பத்தி இறக்கினால் அதற்கும் இஸ்தோப்பு வழியாக ஒரு வயர் போகும். பெரும்பாலும் அது மெல்லிய இரட்டை வயராகத்தான் இருக்கும். 0.75 சதுர மில்லிமீற்றர் நெகிழ் வயர் தாங்குவது வெறும் 6 அம்பியர். ஒரு கேத்தலுக்கே அது போதாது.

தூரமும் சேர்கிறது. 12 காம்பிரா கொண்ட லயத்தின் நீளம் 44 மீற்றர் அளவு வரும். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 2.5 வயரை இழுத்து, கடைசிக் காம்பிராவில் 20 அம்பியர் எடுத்தால் 16 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். விதி அனுமதிப்பது 5 சதவீதம், அதாவது 11.5 வோல்ட். பக்கத்து வீட்டில் கேத்தல் போட்டதும் உங்கள் பல்பு மங்குகிறதா? மங்கிய வெளிச்சம் எங்கே போனது? அது வயருக்குள் சூடாக மாறிவிட்டது. பல்பு மங்குவது ஓர் எச்சரிக்கை மணி.

பழைய வட்டக் கால் 5 அம்பியர் பிளக் துளையில் மல்டி பிளக்கைச் செருகி, அதில் சதுரக் கால் 13 அம்பியர் கேத்தலை மாட்டுவதும் நம்மிடையே சாதாரணம். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு சதுரக் கால் 13 அம்பியரையே நாட்டின் நியமமாக ஆக்கியபின் கடையில் வாங்கும் சாமான் எல்லாம் சதுரக் காலோடு வருகிறது. லயத்துச் சுவரில் இருப்பது பழைய வட்டத் துளை. இடையில் இருக்கும் மல்டி பிளக் காலின் வடிவத்தை மாற்றுமே தவிர, சுவருக்குள் இருக்கும் வயரைத் தடிப்பாக்காது.

யார் பொறுப்பு?

“தொழிலாளர்கள் தாங்களே கண்டபடி வயர் இழுக்கிறார்கள், நிர்வாகம் என்ன செய்ய முடியும்?” என்பது நாம் வழக்கமாகக் கேட்கும் பதில். இழுக்கிறார்கள் என்பது உண்மை. ஏன் இழுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

லயம் நம்முடையதல்ல. நிலமும் நம்முடையதல்ல. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டபோது லயங்களும் அவற்றின் பொறுப்பில்தான் போயின. காம்பிராவில் ஒரு சுவரை மாற்றவும், பின்னால் ஒரு பத்தி இறக்கவும் தோட்டத்துரையின் அனுமதி வேண்டும் என்கிறார்கள். தன் பெயரில் தனி மின்மானி எடுக்கப் போகும் தொழிலாளியிடம் தோட்டத்தின் சம்மதக் கடிதம் கேட்கப்படுகிறது. கடிதத்துக்கு அலைந்து களைத்தவர் பக்கத்துக் காம்பிராவிலிருந்து வயர் இழுக்கிறார். அனுமதி கொடுக்கும் அதிகாரம் நிர்வாகத்திடம் இருக்கும்போது, ஆபத்து வந்தால் பொறுப்பு மட்டும் தொழிலாளியிடம் என்பது எந்த நியாயம்? உரிமை எவரிடமோ பராமரிப்பும் அவரிடமே.

“எப்படியும் தனி வீடு வரப்போகிறது, பழைய லயத்துக்கு ஏன் செலவு?” என்பது இன்னொரு பதில். தனி வீட்டுக்காக நாம் போராடுகிறோம், தொடர்ந்து போராடுவோம். ஆனால் வீட்டுத் திட்டம் வரும்வரை வயர் காத்திருக்காது. அதோடு, கட்டப்படும் புதிய வீடுகளிலும் இதே தவறு நடந்துவிடக்கூடாது. காம்பிராவுக்கு ஒரு பல்பு, வீட்டுக்கு ஒரு பிளக் என்று வயரிங் செய்து சாவியைக் கொடுத்தால், மூன்று மாதத்தில் அங்கும் மல்டி பிளக் தொங்கும். குசினிக்குத் தனிச் சுற்று, 2.5 வயர், சரியான பிரேக்கர், எர்த் ஆகியவற்றை வரைபடத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்.

நாம் கேட்பது

தோட்டந்தோறும் ஒவ்வொரு லயத்தின் வயரிங்கும் தகுதிபெற்ற எலெக்ட்ரீசியனைக் கொண்டு சோதிக்கப்பட வேண்டும். சோதனை அறிக்கையின் பிரதி ஒன்று அலுவலகத்தில் தூசி படியாமல் குடும்பத்தின் கைக்கும் தோட்டக் கமிட்டிக்கும் வர வேண்டும்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மின்மானி வேண்டும். அதற்கான சம்மதக் கடிதத்தைக் கொடுக்க நிர்வாகத்துக்கு நாள் குறிக்கப்பட வேண்டும்.

பிளக் சுற்றுகள் 2.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத வயரால் மாற்றப்பட வேண்டும். அதற்குப் பொருத்தமான பிரேக்கர், 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்ச், நிலத்தில் ஒழுங்காக இறக்கிய எர்த் கம்பி மூன்றும் இருக்க வேண்டும். இந்தச் செலவை லயத்தின் உடைமையாளர் ஏற்க வேண்டும், சம்பளத்தில் வெட்டக்கூடாது.

மின்சாரத்தால் தீ என்று சொல்லப்படும் ஒவ்வொரு சம்பவத்திலும் மேலே கேட்ட நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். நாட்டில் மின்சாரத்துறையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு, 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் இருக்கிறது. அந்த வாசலையும் நாம் தட்ட வேண்டும்.

தோட்டத்து இளைஞர்கள் என்.வி.கியூ. சான்றிதழோடு இந்தத் தொழிலைக் கற்க வழி செய்ய வேண்டும். லயத்துக்கு லயம் நம் பிள்ளை ஒருவர் விதியறிந்து வயர் இழுப்பாரானால், அது தொழிலுமாகும், காவலுமாகும்.

இன்றே நம் கையில் இருப்பது

கோரிக்கை வெல்லும்வரை கைகட்டி இருக்கத் தேவையில்லை. கேத்தலையும் அயன் பெட்டியையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். ஒன்று முடிந்தபின் மற்றது. மல்டி பிளக்கில் கேத்தல், குக்கர், ஹீட்டர் எதையும் மாட்டாதீர்கள். பிரேக்கர் அடிக்கடி விழுந்தால் அதைத் திட்டாதீர்கள், பெரிய பிரேக்கரும் போடாதீர்கள். சுமையைக் குறையுங்கள், வயரைப் பார்க்க ஆள் கூப்பிடுங்கள். பியூஸ் கட்டையில் செம்பு இழை சுற்றாதீர்கள். பிளக் சுட்டால், பழுப்பேறினால், கருகிய வாடை அடித்தால் மெயின் சுவிட்ச்சை அணைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

டிரிப் சுவிட்ச் இருக்கிறது, இனிப் பயமில்லை என்று நம்புகிறவர்கள் பலர். அது உயிரைக் காக்கும் நல்ல கருவி. மாதம் ஒரு தடவை அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் அது பார்ப்பது எர்த்துக்குக் கசியும் மின்சாரத்தை. சுமை கூடி வயர் சூடேறுவதை அது பார்க்காது. அதைப் பார்ப்பது எம்.சி.பி. ஒன்று ஆளுக்குக் காவல், மற்றது வயருக்குக் காவல். இரண்டும் வேண்டும்.

தோட்டத் தலைவர்களிடமும் மாதர் கமிட்டிகளிடமும் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் லயத்தைப் பற்றி ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எத்தனை குடும்பம், எத்தனை மின்மானி, பிரேக்கரில் எழுதியிருக்கும் எண் என்ன, வயரின் உறையில் அச்சிட்டிருக்கும் அளவு என்ன, டிரிப் சுவிட்ச் விழுகிறதா, எந்தக் காம்பிராவில் பல்பு மங்குகிறது. எதையும் கழற்ற வேண்டாம், திறக்க வேண்டாம். கண்ணால் தெரிவதை மட்டும் எழுதுங்கள். அந்தத் தாள்களை ஒன்றாகச் சேர்த்துத் தோட்டத்துரையின் மேசையில் வைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குவோம். அதன்பின் எங்காவது ஒரு லயத்தில் தீப்பற்றினால், “எங்களுக்குத் தெரியாது” என்று சொல்ல யாராலும் முடியாது.